உருண்டைக் கையெழுத்து அச்சேறிய வரலாறு

சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள், மாணவன் ஒருவன் தான் பெற்ற சான்றிதழை ஏந்தியவனாய் ஆசிரியர் அறைக்கு வந்தான். அதன் தலைப்பில் ஆங்கில எழுத்துகள் வலப்புறம் சாய்ந்து, ஏறுங்கால் மயிரிழையாய் மெலிந்தும், இறங்குங்கால் தடித்தும், ஒன்றன் கையை மற்றொன்று பற்றியவாறு ஓடின. “ஐயா, இது கையால் எழுதியதா, அச்சிட்டதா?” என்பது அவன் வினா. உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, ஒரே எழுத்து வந்துள்ள இடங்களையெல்லாம் ஒப்புநோக்கும்படி கூறினேன். ஐந்து இடங்களில் வந்த எழுத்து ஐந்திடத்தும் இம்மியும் வேறுபாடின்றி இருந்தது. மனிதனின் கை எத்துணைப் பயிற்சி பெற்றதாயினும் ஓரெழுத்தை ஐந்து முறை அவ்வாறு எழுதமாட்டாது. ஆதலின் அஃது அச்சே எனத் தெளிந்தோம். அவன் அதனோடு விடவில்லை. “அச்சென்றால் அச்சாகவே இருக்கலாமே, கையெழுத்தைப் போல வேடம் புனைவானேன்?” என்று கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று கூறாத விடையை இங்கே சற்று விரிவாகக் கூற முற்படுகின்றேன்.

அச்சான்றிதழில் இருந்தது ஆங்கிலேயர் ‘ரவுண்ட் ஹான்ட்’ என வழங்கும் எழுத்துவகை. அப்பெயரை நேரே பெயர்த்து ‘வட்டெழுத்து’ என்றால், பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளிற் காணும் நம் பழைய எழுத்தோடு மயங்கும். ஆகவே உருண்டைக் கையெழுத்து என்றே ஈண்டுக் குறிக்கப்படும். இந்நாளில் திருமண அழைப்பிதழிலும், சான்றிதழிலும், வாசனைத் தைலப் புட்டியிலும், இனிப்புப் பெட்டியிலுமே இதனைப் பெரிதும் காண்கின்றோம். அச்சகத்தார் இதனை அலங்கார எழுத்து என்பர். நூலொன்றை முழுவதும் இவ்வெழுத்தில் அச்சிட எவரும் துணியார். பத்துப் பக்கம் படிப்பதற்குள் கண் சோர்ந்துவிடும். எனினும் இஃது அலங்காரத்தின்பொருட்டுப் பிறந்ததன்று. கணக்கேட்டிலும் கப்பற்சரக்குப் பட்டியலிலும் வளர்ந்து, கூலிக்கு உழைத்த எழுத்து இது. உழைப்பு நின்றபின்னரே இதற்கு அணிகலம் என்னும் பெயர் வந்தது.

ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய காலத்தில் அச்செழுத்துகள் கையெழுத்தின் படிகளாகவே இருந்தன. 1455ஆம் ஆண்டளவில் யேர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பேர்க் அச்சிட்ட விவிலிய நூல், அந்நாட்டுப் படியெடுப்போரின் தடித்த கறுப்பெழுத்தைப் பின்பற்றியது. அவ்வெழுத்துகள் தனித்தனியே நிற்பவை. ஆதலின் ஈயத்தில் வார்ப்பதற்கு இசைந்தவை. ஓடும் கையெழுத்தோ அத்தகையதன்று. பேனையை எடுக்காமல் எழுதுபவனுக்கு ஓரெழுத்தின் தொடக்கமும் முடிவும் அதன் அயலே நிற்கும் எழுத்தைப் பொறுத்தவை. ஆங்கிலத்து ‘ஓ’ மேற்புறத்தில் முடியும். ‘என்’ கீழ்ப்புறத்தில் முடியும். அடுத்து வரும் எழுத்து அதற்கேற்பத் தன் வாயிலை மாற்றிக்கொள்ளும். கை இதனை எண்ணாமலே செய்யும். ஈய எழுத்து யாது செய்யும்? அது நாற்புறமும் நேரே வெட்டிய சிறு கட்டை. தன் அருகே வந்து நிற்கப்போகும் கட்டை எதுவென அஃது அறியாது.

இத்தடையைத் துணிந்து எதிர்கொண்டவருள் முதல்வர் வெனிஸ் நகரத்து அல்டுஸ் மனூட்டியூஸ். இத்தாலியக் கற்றோர் விரைந்தெழுதிய சாய்ந்த கையெழுத்தைப் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் செதுக்குநரைக் கொண்டு எஃகில் வெட்டுவித்து, 1501இல் வேர்ஜிலின் செய்யுள்களைக் கையடக்க நூலாக அவர் வெளியிட்டார். எழுத்துகள் சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே கட்டையில் வார்த்தமையால் ஓட்டத்தின் சாயல் ஓரளவு கிட்டிற்று. ஏனைய எழுத்துகள் தனித்தே நின்றன. இன்று நாம் சாய்வெழுத்து என்பதற்கு அதுவே மூலம்.

இத்தாலியர் தம் கையெழுத்தை அச்சேற்றியது போலப் பிரான்சியர் கையெழுத்தையும் ஏற்றவேண்டும் என எழுந்தவர் றொபேர் கிரான்ஜோன். அவர் 1557இல் லியோன் நகரில், அக்காலப் பிரான்சியர் கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் வழங்கிய கையெழுத்தை அச்செழுத்தாக்கி, மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் அதற்குத் தனியுரிமையும் பெற்றார். சிறுவர்க்கு நன்னடை கற்பிக்கும் எராஸ்முசின் நூலொன்று பிரெஞ்சு மொழியில் இவ்வகை எழுத்தில் வெளிவந்தது. அந்நூற்பெயரிலுள்ள ‘சிவிலிதே’ என்னும் சொல்லே நாளடைவில் எழுத்துக்கும் பெயராயிற்று. இவ்வெழுத்தில் நன்னடை பயிலும் சிறுவன் பெரியோர் கடிதங்களைப் படிக்கவும் பழகுவான் என்னும் எண்ணம் நன்றே. ஆனால் பிரான்சியர் கையெழுத்து அடுத்த நூற்றாண்டிலேயே மாறிவிட்டது. நன்னடை நூல்களோ பதினெட்டாம் நூற்றாண்டிலும் பழைய எழுத்திலேயே அச்சாகி வந்தன. எவரும் எழுதாத எழுத்தைச் சிறுவர் வருந்திப் படித்தனர். ஒரு பழக்கத்தை அதன் காரணம் மறைந்தபின்னும் பள்ளிக்கூடங்கள் விடாது காப்பது புதிதன்று. அதில் ஆசிரியர்களாகிய நாமும் பங்காளிகளே.

ஆங்கிலத்து உருண்டைக் கையெழுத்தின் கதை வேறு வழியிற் சென்றது. அது முதலில் நாடியது ஈயத்தை அன்று, செம்பை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் எழுத்தாசிரியர் என்றொரு வகுப்பினர் செழித்திருந்தனர். வணிகர் மைந்தர்க்கும், இலிகிதராக விரும்பிய இளைஞர்க்கும் எழுத்தும் கணக்கும் ஒருங்கே கற்பிப்பது அவர் தொழில். அவர் எழுதிய மாதிரிகளைச் செதுக்குநர் செப்புத்தகட்டிற் கூரிய உளியால் கீறி, கீறலில் மை நிரப்பி, ஈரத்தாளை அதன்மீது அழுத்திப் படியெடுத்தனர். தகட்டில் வரி முழுவதும் ஒருங்கே வெட்டப்படுதலின் எழுத்துக்கு எழுத்து இணைப்பதில் இடர் எதுவுமில்லை. உளி மேலோட்டமாய்ச் சென்றால் மயிரிழை. ஆழச் சென்றால் தடித்த கோடு.

பழைய கையெழுத்துகளில் தடிப்பும் மெலிவும் தோன்றியது பேனையின் அகன்ற முனையினால். புதிய முறையிலோ முனை கூரியது, நடுவே பிளந்தது. கீழ்நோக்கி இழுக்கையில் விரல் அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும்; மேலேறுகையில் அழுத்தம் நீங்கினால் பிளவு மூடி மயிரிழையாகும். செப்புத்தகட்டுப் படிகளைப் பார்த்தெழுதிய மாணவர் தம் இறகுப் பேனையை மேலும் மேலும் கூராக்கி, உளியின் அழகைப் பேனையில் வரவழைக்க முயன்றனர். பேனையைப் பின்பற்ற வந்த உளியைப் பேனையே பின்பற்றலாயிற்று. ஜோர்ஜ் பிக்கம் என்னும் செதுக்குநர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருந்தொகுப்பில் 25 எழுத்தாசிரியர்களின் கைவண்ணம் 212 தகடுகளில் உளது. அத்தகடுகளிற் பலவற்றின் பொருள் வணிகமும் முயற்சியும் பற்றியதே என்பது நோக்கத்தக்கது.

அவ்வாசிரியர்களுள் நம் கதைக்குப் பெரிதும் உரியவர் சாள்ஸ் ஸ்னெல். 1667இற் பிறந்து 1733இல் மறைந்த இவர், 1694இல் மாதிரிநூல் ஒன்றை வெளியிட்டார். எழுத்துக்குரிய அளவுகளை வரையறுத்து விதி அமைக்கவேண்டும் என்பது இவர் கொள்கை. ஜோன் கிளார்க் என்னும் மற்றோர் ஆசிரியர் இவ்விதிகளை மறுக்க, 1714ஆம் ஆண்டளவில் இருவரும் அச்சிலேயே வாதிட்டனர். அக்காலத்தில் பேனையை எடுக்காமலே மீனும் பறவையும் தேவதையுமாகச் சுழித்து வரைந்து ஏட்டை நிரப்பும் வழக்கம் மலிந்திருந்தது. எட்வேட் கொக்கர் அதில் வல்லவராய் விளங்கியவர். ஸ்னெல் அத்தகைய சோடனையை வெறுத்தார். ஆந்தையும் குரங்கும் எழுத்தினிடையே வந்து குந்துவது அவருக்கு உவப்பன்று.

ஸ்னெல் கணக்கிலும் வல்லவர். 1711இல் தொடங்கிய தென்கடற் கொம்பனியின் பங்கு, 1720 தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுணாக இருந்து, அவ்வாண்டுக் கோடையில் 1,000 பவுண் அளவுக்கு ஏறி, ஆண்டு முடியுமுன் சரிந்து வீழ்ந்தது. செல்வர் பலர் ஒரே பருவத்தில் வறியராயினர். பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. கொம்பனியின் இயக்குநர்களுள் ஒருவரான ஜேக்கப் சோபிரிஜ் என்பாருக்குரிய நிறுவனத்தின் கணக்கேடுகளை ஆராய்ந்து 1721இல் கருத்துரை எழுதியவர் நம் ஸ்னெல். அதில் அவர் தம்மை எழுத்தாசிரியரும் கணக்காளரும் எனக் குறித்துக்கொண்டார். கணக்காய்வுத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் அக்கருத்துரையை அத்தொழிலின் தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாக மதிப்பர். இன்று மணமகள் பெயரைப் பொறிக்க நாம் நாடும் எழுத்து, அன்று பெருமோசடி ஒன்றன் ஏடுகளைப் புரட்டிய விரல்களுக்கு உரியதாயிருந்தது.

ஆங்கிலக் கப்பல்கள் சென்ற இடமெல்லாம் இக்கையெழுத்தும் சென்றது. கிழக்கிந்தியக் கொம்பனி தன் ஊழியருட் கடைநிலையினரை ‘எழுத்தர்’ என்றே அழைத்தது. அவர்க்கெனக் கல்கத்தாவில் எழுப்பிய மாளிகை இன்றும் எழுத்தர் மாளிகை என்றே பெயர் பெறும். 1796இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் கைப்பட்டபின் இங்குள்ள கச்சேரிகளின் ஏடுகளும் இக்கையெழுத்தால் நிரம்பின. 1820கள் முதல் பேர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைகள் எஃகு முனைகளை வெட்டி மலிவாக விற்கத் தொடங்கியபின், இறகு சீவத் தெரியாதவனும் இதனை எழுதலானான். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்று, இலங்கையிலும் மலாயாவிலும் ‘கிளாக்கர்’ வேலை பார்த்த நம் முன்னோர்க்கு நல்ல கையெழுத்து என்பது சோற்றுக்கு வழி. கொப்பியின் மேல்வரியில் அச்சிட்ட மாதிரியைப் பார்த்துக் கீழ்வரிகளை நிரப்பியவர்கள் அவர்கள். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் என் பாட்டனார் வேலை வேண்டி எழுதிய விண்ணப்பத்தின் பிரதியொன்று உண்டு. அதில் அழகு செய்யவேண்டும் என்ற எண்ணம் ஓரிடத்தும் தோன்றவில்லை. பிழையின்றித் தெளிவாக எழுதவேண்டும் என்ற அச்சமே வரிக்கு வரி தெரிகின்றது.

இனி இக்கையெழுத்தை ஈயத்தில் வார்த்தோர் பட்ட பாட்டைக் காண்போம். சாய்ந்த எழுத்தை நேரான கட்டையில் அடக்கினால் அதன் தலையும் வாலும் கட்டைக்கு வெளியே நீளும். அவ்வாறு நீண்ட மெல்லிய கோட்டுக்குக் கீழே தாங்குவதற்கு உலோகமில்லை; அச்சுப்பொறியின் அழுத்தத்தில் அது பொட்டென ஒடிந்துவிடும். நீளாதபடி குறுக்கினாலோ எழுத்துக்கு எழுத்து வெண்ணிறப் பிளவு தோன்றும். பாரிஸ் நகரத்தில் தலைமுறை தலைமுறையாக அச்சுத்தொழில் நடத்திய குடும்பத்தினரான ஃபேர்மன் டிடோ, 1806ஆம் ஆண்டளவில், கட்டையையே சாய்த்துவிட்டார். அவர் வார்த்த கட்டையின் பக்கங்கள் எழுத்தின் சாய்வுக்கு இணையாகச் சாய்ந்தன. வரியின் இருமுனையிலும் முக்கோணக் கட்டைகளை இட்டு நேராக்கினர். கூரிய மதிநுட்பம்தான், ஆயினும் அச்சுக்கோப்பவருக்கு அது பெருந்தொல்லை. இவ்வெழுத்துக்கென்றே தனியான கட்டைகளும் தனியான பழக்கமும் வேண்டும். சிறிய அச்சுக்கூடங்கள் நேர்க்கட்டையோடும் வெண்பிளவோடும் அமைந்தன. ஈய எழுத்தால் அச்சிட்ட பழைய அழைப்பிதழ்களைக் கூர்ந்து நோக்குவோர், கைகோத்து நிற்பதாகத் தோன்றும் எழுத்துகள் உண்மையில் விரல்நுனி தொடாமல் நிற்பதைக் காணலாம்.

இவ்விடர் தீருமுன்னரே கையெழுத்தின் தொழில் குறையலாயிற்று. 1874இல் ரெமிங்டன் நிறுவனம் தட்டெழுத்துப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அலுவலகக் கடிதம் இலிகிதரின் பேனையை விட்டு நீங்கியது. ஏறத்தாழ அக்காலத்திலேதான் அமெரிக்க வார்ப்புக்கூடங்கள் ‘வங்கிக் கையெழுத்து’ என்றும் ‘வணிகக் கையெழுத்து’ என்றும் பெயரிட்டு ஈய எழுத்துகளை விற்றன. வங்கியும் வணிகமும் கைவிடத் தொடங்கிய எழுத்துக்கு அவற்றின் பெயர்களே சூட்டப்பட்டன.

மத்தியூ கார்ட்டர் 1937இல் இலண்டனிற் பிறந்தவர். பாடசாலைக் கல்வி முடிந்ததும் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரத்து என்ஷெடே அச்சகத்துக்குச் சென்று, எஃகில் எழுத்து வெட்டும் பழந்தொழிலைக் கையாற் கற்றார். அத்தொழில் அப்பொழுதே மறையும் நிலையில் இருந்தது. பின்னர்ப் பல்கலைக்கழகம் செல்லாமலே தொழிலில் இறங்கி, 1965இல் நியூயோர்க்கில் மேர்கெந்தாலர் லைனோடைப் கொம்பனியிற் சேர்ந்தார். அங்கே ஒளியச்சுக்கோப்புப் பொறிகள் பயன்பாட்டுக்கு வந்திருந்தன. அவற்றில் ஈயம் இல்லை. எழுத்தின் வடிவினூடே ஒளி பாய்ந்து தாளிலோ படச்சுருளிலோ பதியும். கட்டை இல்லாத இடத்தில் கட்டையின் விளிம்பும் இல்லை. ஓரெழுத்தின் வால் அடுத்த எழுத்தின்மேல் தாராளமாக ஏறலாம், ஒடிவதற்கு எதுவுமில்லை. ஈயத்தால் இயலாததை ஒளியால் இயற்றலாம் எனக் காட்டுதற்குக் கார்ட்டர் தேர்ந்தெடுத்தது சாள்ஸ் ஸ்னெலின் கையெழுத்தை. 1965–66இல் அமைந்த ‘ஸ்னெல் ரவுண்ட்ஹான்ட்’ என்னும் அச்செழுத்து அதுவே. மயிரிழைகள் அதில் மெய்யாகவே தொட்டன.

எழுத்தாசிரியர் பலர் இருக்க ஸ்னெலை ஏன் தேர்ந்தார் என்பதற்கு என் துணிபு இது. எழுத்துகள் எவ்வரிசையில் வரினும் ஒரே உயரத்தில் வந்து தொடவேண்டும் என்பது பொறியின் கட்டாயம். அதற்குச் சுழித்துச் சுழித்து விளையாடிய கை உதவாது. அளவுக்கு அடங்கி எழுதிய கையே உதவும். கிளார்க்கோடு வாதிட்ட காலத்தில் ஸ்னெலின் விதிகள் சிலர்க்கு மிகையாகத் தோன்றியிருக்கலாம். இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின் அவ்விதியுணர்வே அவரெழுத்தைப் பொறிக்கு உகந்ததாக்கிற்று. ஆயினும் சோடனையை வெறுத்தவர் பெயரால் வழங்கும் எழுத்தையே உலகம் இன்று சோடனைக்கு வாங்குகின்றது. ஸ்னெல் இதனைக் கண்டிருந்தால் மற்றுமொரு வாதநூல் எழுதியிருப்பார் போலும்.

ஈண்டு மற்றொரு செய்தியும் கூறத்தக்கது. மத்தியூவின் தந்தையார் ஹரி கார்ட்டர் அச்செழுத்து வரலாற்றில் பேரறிஞர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் ஆவணங்களைக் காத்தவர். கிரான்ஜோன் தொடக்கிய சிவிலிதே எழுத்துகள் பற்றி வேர்வ்லீற் என்னும் அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் வெளிவந்ததும் 1966இலேயே. கிரான்ஜோன் வெட்டிய எஃகு முத்திரைகள் பெல்ஜியத்து அன்ற்வேர்ப் நகரில் பிளாந்தன்–மொரேத்தூஸ் அரும்பொருளகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஓடும் கையை உலோகத்தில் நிறுத்த முயன்ற பழையோரின் வரலாற்றைத் தந்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மகன் அவ்வுலோகத்தையே விலக்கி அக்கையை ஓடவிட்டார்.

எனினும் என் மாணவனின் கண்ணாடிக்கு ஸ்னெல் ரவுண்ட்ஹான்டும் தப்பாது. ஐந்து இடத்தில் வந்த எழுத்து அதிலும் ஐந்திடத்தும் ஒன்றே. அக்குறையையும் நீக்க முயன்றவர் யேர்மனியராகிய ஹேர்மன் சாப். 1918இல் நியூரம்பேர்க் நகரிற் பிறந்து 2015இல் மறைந்த இவர், எழுத்தெழுதும் கலையை நூல்களைப் பார்த்துத் தாமே கற்றவர். இரண்டாம் உலகப்போரில் தேசப்படம் வரையும் பணியில் இருந்தபோது, 1944இல், குறிப்பேடொன்றில் அவர் எழுதிவைத்த பக்கமே பின்னாளில் ‘சாப்பீனோ’ என்னும் எழுத்துக்கு வித்தாயிற்று. ஈயக் காலத்தில் அவர் ஆக்கிய கையெழுத்துவகை அச்செழுத்தைக் கட்டையின் எல்லைகள் நெருக்கின. கணினி வந்தபின்னரே 1998இல் சாப்பீனோ வெளிவந்தது. அதில் ஓரெழுத்துக்குப் பல வடிவங்கள் உள. ஒரே பக்கத்தில் அவற்றை மாற்றி மாற்றி இடலாம். ஆப்பிள் கணினிகளோடு வரும் பதிப்பில் அவ்வெழுத்தின் பெயரைத் தட்டினால், முழுச்சொல்லும் ஒரே கூட்டெழுத்தாக மாறி நீண்ட சுழிப்போடு தோன்றும். இது வியக்கத்தக்க வேலைப்பாடே. ஆனால் சாப்பீனோ கலைஞனொருவனின் கை. அதனால் எவரும் கணக்கெழுதியதில்லை, பஞ்சத்திற் கடன்கேட்டுக் கடிதம் எழுதியதுமில்லை. அதனை அலங்கார எழுத்து என்பதில் எனக்குத் தடையில்லை. உருண்டைக் கையெழுத்தையும் அதே பெட்டியிற் போட்டு மூடுவதுதான் மனத்துக்கு ஒவ்வவில்லை.

மாணவனின் வினாவுக்கு இனி விடை கூறலாம். சான்றிதழ் என்பது ஒருவர் மற்றொருவருக்குத் தம் கைப்பட எழுதிக் கொடுத்த பத்திரமாக இருந்தது. அழைப்பிதழும் அவ்வாறே. எழுதும் கை நீங்கியபின்னும், எழுதித் தந்தார் என்னும் மதிப்பு நீங்குவதை எவரும் விரும்பவில்லை. ஆதலின் அச்சு அந்தக் கையின் உருவத்தை ஏற்றுக்கொண்டது. மறுவாரம் அவன் வந்தபோது இதனைக் கூறி, பாட்டனாரின் விண்ணப்பத்தையும் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் தேடினான். ஒன்றையொன்று முழுதும் ஒத்த இரண்டு எழுத்துகளை அப்பக்கத்தில் அவனாற் காண இயலவில்லை.